பம்புக்குப் போட்ட பூட்டு

"நம்ம பம்புல காத்தடிச்சு, நமக்கு எதிர்லயே காசு வாங்குறான். நீ இன்னும் நியாயம் பேசிட்டு இரு!"

"கத்தாதடா. அவன் என்ன திருடவா செய்யுறான்? நாமதான் சும்மா குடுக்குறோம்."

"சும்மா குடுக்குறது சைக்கிள்ல வர்றவங்களுக்கு. மீசைக்கா குடுக்குறோம்?"

அந்தச் சைக்கிள் கடையில் அக்காவுக்கும் தம்பிக்கும் அன்று இப்படித்தான் பொழுது விடிந்தது. கடை வாசலில் காற்றடிக்கிற பம்பு ஒன்று ராப்பகலாக நிற்கும். யாரும் வரலாம், அடிக்கலாம், போகலாம். கடை திறந்த அன்றே அக்கா தன் கையால் சுவரில் எழுதிவிட்டாள்: 'காற்றுக்குக் காசு கிடையாது. பம்புக்குப் பூட்டு கிடையாது.' எழுத்துதான் கொஞ்சம் கோணல்.

எதிரே புதுக்கடை போட்ட மீசைக்காரர் பம்பே வாங்கவில்லை. தன்னிடம் வரும் வண்டிகளை இங்கே உருட்டி வந்து காற்றடித்துவிட்டு, அங்கே காசு வாங்கினார். போதாக்குறைக்கு, "அந்தக் கடைல வேலை சுத்தமில்லீங்க" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் வத்தி வைத்தார். வாடிக்கை மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்தது. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அக்காவுக்கும் உள்ளுக்குள் உதறல்.

"கொஞ்ச நாள் பூட்டுவோம்க்கா. அவன் மூட்டையக் கட்டினதும் தொறந்துடலாம். உன் கொள்கை எங்க ஓடிடப் போவுது?"

"என்னமோ பண்ணு," என்றாள் அக்கா. அன்று சாயங்காலம் பம்பில் சங்கிலி ஏறியது.

மறுநாள் காலை கடை திறக்க வந்தவள், தெருமுனையில், தினமும் இங்கே காற்றடித்துக்கொண்டு போகும் நர்சம்மா காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தாள்.

"ஏம்மா, காத்தடிச்சுக்கலயா?"

"பூட்டியிருந்துச்சே. உங்களுக்கு என்ன கஷ்டமோன்னு வந்துட்டேன்க்கா."

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நர்சம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தால், வாசலில் மீசைக்காரர் சாவகாசமாகக் காற்றடித்துக்கொண்டிருந்தார்!

"பூட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கும்மா. ரெண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்க," என்றார்.

அக்கா கடையில் எந்தச் சாமானும் அது எதற்கு வேண்டுமோ அதற்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கும். தம்பி பழக்க தோஷத்தில் சாவியையும் பம்புக்கு மேலே மாட்டிவிட்டுப் போயிருந்தான். நர்சம்மா அதைத் தொடவில்லை. மீசை தொட்டுவிட்டார்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பூட்டைக் கழற்றி உள்ளே எறிந்தாள். நர்சம்மாவின் வண்டிக்குக் காற்றடித்துவிட்டு, வண்டியோடு கூடவே வந்து நின்ற மீசையின் வாடிக்கைக்காரர் பக்கம் திரும்பித் தெருவே கேட்கச் சொன்னாள்: "இனிமே நேரா வாங்கண்ணே, நானே அடிச்சுத் தரேன். காத்துக்குக் காசு கிடையாது. யாரு கேட்டாலும் குடுக்காதீங்க!"

மீசைக்காரர் மீசையைத் தடவியபடி நடையைக் கட்டினார். ஆனால் கடையை இன்னும் மூடவில்லை.

தம்பியும் விடுவதாக இல்லை. "சாவிய மாட்டினது என் தப்பு. அதுக்குப் பூட்டு என்னக்கா பண்ணும்?" என்று இன்றைக்கும் கேட்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

நீங்களாக இருந்தால் பூட்டுவீர்களா, மாட்டீர்களா? படித்துவிட்டுச் சும்மா போகாமல் கீழே ஒரு வரி எழுதுங்கள்.