குட்டைக் குழல், நீளக் குழல், மச்சான்

வெர்லின் ஸ்டோடார்டுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மச்சான் இல்லாமல் மீன் பிடிக்க வேண்டும்.

மச்சான் லோவெல் நல்லவன்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவசரத்துக்கு வண்டி கேட்டால் சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவான். ஆனால் அவனுடைய பனிவண்டி கார்புரேட்டர் கதையைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப முடியும். அதற்குள் அவசரமே தீர்ந்துபோயிருக்கும்.

வெர்லின் ஆற்றுக்குப் போவதே வாயை மூடிக்கொண்டிருக்கத்தான். அலாஸ்காவில் புதர்ப்பாதையில் நடக்கிறவர்கள் வளைவுக்கு வளைவு "ஏய் கரடி!" என்று கத்திக்கொண்டே போவார்கள். ஆள் வரும் சத்தம் கேட்டால் கரடி ஒதுங்கிக்கொள்ளும். வெர்லின் மட்டும் கத்தமாட்டார். அதன் பலனாகப் போன கோடையில் ஒரு பழுப்புக் கரடிக்கு, தான் பிடித்திருந்த மீன் எல்லாவற்றையும், கூடவே ஒரு காலணியையும் தானம் செய்துவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்றைக்கே மனைவி மாரீன் சட்டம் போட்டுவிட்டாள்.

"ஒண்ணு என் தம்பியக் கூட்டிட்டுப் போ. இல்லன்னா ஒரு மேக்னம் துப்பாக்கி வாங்கி, பெர்னிஸ் கடைக் கரடியச் சுட்டுக் காட்டிட்டுத் தனியாப் போ."

பெர்னிஸ் துப்பாக்கிக் கடைக்காரி. கடைக்குப் பின்னால் இருந்த சுடுமிடத்தில் பலகையில் அறுத்த கரடி ஒன்று, பழைய புல்வெட்டியின் சக்கரங்கள் மேல் நின்றுகொண்டிருந்தது. கப்பியில் கோத்த கயிற்றை மோட்டார் வண்டியால் இழுத்தால் அது நேராகப் பாய்ந்து வரும். பெயர் ஹெரால்டு. பெர்னிஸின் முதல் புருஷன் பெயரும் அதுதான். காரணம் கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. கரடிக்காகத் துப்பாக்கி வாங்குகிறவர் யாராக இருந்தாலும் ஹெரால்டைச் சந்தித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கடைக்குள் நுழைந்ததும் வெர்லினின் கண் எட்டு அங்குலக் குழல் வைத்த கைத்துப்பாக்கிமேல் போய் ஒட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடிக் கதவில் தன் உருவத்தைப் பார்த்தார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதான்."

"அது துப்பாக்கியா, துடுப்பா?" என்றாள் மாரீன். "பெர்னிஸ், அந்தக் குட்டையா இருக்கறத எடு."

"ரெண்டும் நல்ல சாமான்தான் அண்ணே," என்று பெர்னிஸ் நாலு அங்குலத்தையும் எடுத்து வைத்தாள். "நீளத்துல குறி சுத்தமா இருக்கும், உதைப்பும் கம்மி. குட்டை சட்டுனு கைக்கு வரும். ஆனா உதைக்கும், காதையும் அடைச்சிடும்."

"காது அடைச்சா நல்லதுதானே," என்றார் வெர்லின். "உன் தம்பி பேசறது கேக்காது."

"யோவ், கரடி உன் குழல முழம் போட்டா அளக்கப் போகுது? உறையிலேர்ந்து அது வெளிய வரணும்யா, அதப் பாரு முதல்ல."

முதலில் நீளக் குழல். ஆற்றில் இறங்குகிற கோலத்தில்தான் சுட வேண்டும் என்பது பெர்னிஸின் விதி. மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டை, அதைத் தாங்கும் தோள்பட்டைகள், அதற்குமேல் நெஞ்சில் துப்பாக்கி உறை. மோட்டார் உறுமியது, ஹெரால்டு கிளம்பினான். வெர்லின் இழுத்தார். துப்பாக்கி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் குழல் நுனி தோள்பட்டையில் மாட்டிக்கொண்டது. பலம் கொண்ட மட்டும் இழுத்ததில் பட்டை அறுந்து கால்சட்டை இறங்கியது. பாவம், அதே நேரத்தில் ஹெரால்டும் வந்து தொடையில் இடித்தான்.

பட்டையை முடிச்சுப் போட்டுக்கொண்டு அடுத்துக் குட்டைக் குழலை இழுத்தார். கண் சிமிட்டும் நேரத்தில் துப்பாக்கி கையில் இருந்தது. அதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். அந்த ஆச்சரியத்திலேயே சுட்டுவிட்டார். உதைப்பில் கை வானத்தைக் காட்டியது. குண்டு தாங்குவதற்காகக் குவித்த மண்மேட்டுக்கு மேலிருந்த மரத்தின் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. ஹெரால்டு மறுபடியும் வந்து அதே தொடையில் இடித்தான்.

"ஹெரால்டு ரெண்டு, அண்ணன் சைபர்," என்றாள் பெர்னிஸ்.

"என்னது?" என்றார் வெர்லின். காது அடைத்திருந்தது.

மாரீன் தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெர்லின் வீம்புக்கு நீளத்தை வாங்கினார். மாரீன் குட்டையை வாங்கித் தம்பியின் நெஞ்சில் மாட்டிவிட்டாள். சனிக்கிழமை காலை மாமனும் மச்சானும் ஆற்றில் இறங்கினார்கள். லோவெல் முட்டி ஆபரேஷனில் தொடங்கி, டாக்டரின் நாய் வழியாகக் கார்புரேட்டருக்கு வந்துகொண்டிருந்தான். இடையிடையே மூஸ் என்ற காட்டுமானின் கறி வற்றலை மென்றாலும் பேச்சு நிற்கவில்லை. "தொலஞ்சுது என் சனிக்கிழமை," என்று வெர்லின் மனதுக்குள் அழுதார்.

திடீரென்று பேச்சு நின்றது.

முதலில் வெர்லின் கடவுளுக்கு நன்றி சொன்னார். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இருபது வருஷமாகக் கேட்ட வரம். பிறகுதான் உறைத்தது: லோவெல் தூக்கத்தில்கூடப் பேசுகிறவன் ஆயிற்றே! மெல்லத் திரும்பினார். கரையில், கல்லெறி தூரத்தில், பழுப்புக் கரடி நின்றுகொண்டிருந்தது.

லோவெல் வாயைத் திறந்தபடி கல்லாய்ச் சமைந்திருந்தான். சட்டென்று கைக்கு வரும் துப்பாக்கி நெஞ்சில் இருந்தது, கைதான் வரவில்லை. வெர்லின் தன்னுடையதை இழுத்தார். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது, முடிச்சுப் போட்ட பட்டையில் மாட்டிக்கொண்டது. இனி வாய்தான் மிச்சம்.

"ஏய் கரடி," என்றார். குரல் கீச்சிட்டது. "நான்... நாங்கதான்."

அதற்குமேல் என்ன பேசுவது? ஆயுசு முழுக்க வாயை மூடியே இருந்த மனிதரிடம் அவசரத்துக்கு எடுத்துவிடச் சொந்தச் சரக்கு ஏது? வாயில் வந்ததெல்லாம் லோவெலின் சரக்கு.

"அந்த டாக்டர் இருக்கானே, என் வலது முட்டியத் தட்டிப் பாத்துட்டு, இதுக்குத் தொண்ணூறு வயசுன்னான். அப்ப அதுக்குப் பென்ஷன் குடுங்கய்யான்னேன். அவன் நாய் என் தொப்பியக் கவ்விட்டு ஓடிடுச்சு. அப்புறம் அந்தக் கார்புரேட்டர..."

கரடி தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டது. முட்டியைக் கேட்டது, நாயைக் கேட்டது. கார்புரேட்டரை மூன்றாம் முறை கழற்றும் இடம் வந்ததும் திரும்பிப் புதருக்குள் போய்விட்டது. அந்த இடத்தில் மனிதர்களும் எழுந்து போனதுண்டு.

புதர் அசைவு நின்ற பிறகுதான் லோவெல் திறந்த வாயை மூடினான்.

"இடது முட்டி, மாமா," என்றான் லோவெல். குரல் உடைந்திருந்தது. "நீங்க கேக்கறதே இல்லன்னு நெனச்சேன். யாருமே கேக்கறதில்ல. அதான் சொன்னதையே சொல்லிட்டிருந்தேன்."

வெர்லினுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தூண்டிலைச் சரிசெய்வதுபோல் பாவனை பண்ணினார்.

"அது சரி மச்சான், கார்புரேட்டர் கடைசில ஓடிச்சா, இல்லையா? நீ முடிவச் சொன்னதே இல்லையே."

"யாரும் அதுவரைக்கும் இருந்ததில்ல மாமா."

வெர்லின் ஆற்றைப் பார்த்தார், புதரைப் பார்த்தார், நெஞ்சில் மாட்டிக்கொண்டு நின்ற நீளக் குழலைப் பார்த்தார்.

"நான் இருக்கேன். சொல்லு."

லோவெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான், முதலிலிருந்து.