இருபத்திரண்டாவது பாடகர்

எங்கள் சபையின் பாடகர் குழுவுக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்த நாளிலிருந்து எனக்கு எண்கள்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. நான் குழுவின் செயலாளர். பிழைப்புக்குக் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன். ஒருவருடைய பார்வையைக் கால் புள்ளி பிசகாமல் எழுதித் தரத் தெரிந்த எனக்கு, எங்கள் குழுவில் எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று எழுதத் தெரியவில்லை.

பத்து நாள் பயணம், ஐந்து ஊர்களில் பாட்டு, சபையார் வீடுகளில் தங்கல். முதல் மடலில் இருபது பேர் வாருங்கள் என்றார்கள். இரண்டாவதில் இருபத்து நான்கு. மூன்றாவது மடல் விசா அலுவலகத்திலிருந்து நேராக வந்தது. பாடகர் குழு என்று சொல்லிப் போன சிலர் அங்கே போனதும் காணாமல் போய்விட்ட அனுபவம் அவர்களுக்கு இருந்ததாம். ஆகவே இருபத்திரண்டு பாடகர்கள், குழுவை நடத்தும் ஒருவர், ஆர்கன் வாசிக்கும் ஒருவர், இவ்வளவுதான். ஒவ்வொரு பாடகரும் தனியாக நாற்பது வினாடி பாடுவதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். நடத்துகிறவர் நடத்துவதையும் அனுப்ப வேண்டும். எல்லாம் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள்.

வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். சரியாக இருபத்திரண்டு பாடகர்கள். ஆண்டவர் எண்ணித்தான் வைத்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

எங்கள் பதிவேட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். குழுவை நடத்துகிறவர் ஒரு கணக்கு டீச்சர். பதினெட்டு வருஷமாக நடத்துகிறார். பயிற்சி தொடங்கும்போது அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண்ணைச் சொல்வார். அந்த எண்ணுக்கு உரியவர் தம் வரிசைக்கான முதல் சுரத்தை முனக வேண்டும். சுரம் கேட்டால் பதிவேட்டில் ஒரு டிக். நேரமும் மிச்சம், தொண்டையும் சரியாகிவிடும் என்பது டீச்சரின் கணக்கு. டிக் போடும்போது அவர் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

படம் பிடிக்க என் கடையின் கண் பரிசோதனை அறையைத் தேர்ந்தேன். சிறிய அறை, கனமான திரை, தெருச் சத்தம் வராது. திங்களும் செவ்வாயும் வேலை முடிந்து ஒவ்வொருவராக வந்தார்கள். எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்று பாடிவிட்டுப் போனார்கள். ஒருவர் பாடிக்கொண்டே கடைசி வரி எழுத்துகளைப் படிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டார். பாட்டை முடித்ததும் புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

செவ்வாய் மாலை என் அக்காள் வந்தாள். பள்ளி நூலகத்தில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து அவள் பேசுவது காகிதத்தைக் காகிதத்தால் தேய்ப்பது போலத்தான் கேட்கும். "லைப்ரரில இருக்கறவளுக்கு இந்தக் குரல் தாராளம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிட்டதில்லை. மேல் சுரங்கள் போயிருக்கும், மெல்லப் பாடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

போனை உயர்த்தினேன். அக்காள் கைகளைக் கோத்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். உதடுகள் அழகாக அசைந்தன. முகத்தில் பாட்டு இருந்தது. என் காதுக்கு எட்டாவிட்டாலும் போன் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். நாற்பது வினாடி முடிந்ததும் போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை.

"போன்ல ஏதோ கோளாறுக்கா. இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அப்படியே. மூன்றாவது முறை போனை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அக்காள் கையை நீட்டி அதைக் கீழே இறக்கினாள்.

"போன் நல்லாத்தான் இருக்குடா. எனக்குப் பாட வராது."

"என்னக்கா சொல்ற? வாராவாரம் பாடறியே."

"வாயை அசைக்கறேன்."

"எத்தனை நாளா?"

"ஆப்பரேஷன் ஆனதுலேருந்து."

"அப்ப டீச்சர் டிக் போடறாங்களே? சுரம் கேட்டாத்தானே போடுவாங்க?"

திரைக்கு வெளியே தம் முறைக்காகக் காத்திருந்த தையல்கார அம்மா தலையை மட்டும் உள்ளே நீட்டினார். குழுவில் அக்காளுக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்தான்.

"அது நான் போடறது தம்பி. என்னோடது ஒண்ணு, அவங்களோடது ஒண்ணு. அவங்களோடதைக் கொஞ்சம் கரகரன்னு போடுவேன். வித்தியாசம் தெரியணும்ல."

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷமாக நான் எதிர் வரிசையில் நின்று அக்காளின் குரல் என்று ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது தேறி வருகிறது என்று வீட்டில் போய்ச் சொல்லியும் இருக்கிறேன். யாருடைய குரலைக் கேட்டேன்? எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை.

"அப்புறம் ஏன்க்கா வர்ற?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அக்காள் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "வீட்ல தனியா இருந்தாலும் பாட்டு மனசுல ஓடுது. ஆனா பாதியில நின்னுடுது. உங்க நடுவுல நின்னா முடியற வரைக்கும் ஓடும். என் குரலும் அதுக்குள்ள எங்கயோ இருக்கற மாதிரி இருக்கும். வேற ஒண்ணும் இல்ல." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "என் பேரை அடிச்சிடு. பாடாதவ பாடகர்னு சொல்லிக்கிட்டு வரக் கூடாது."

"நான் திரைக்குப் பின்னால நின்னு பாடறேனே. அவங்க வாயை அசைக்கட்டும். நாப்பது செகண்டுதானே" என்றார் தையல்கார அம்மா.

ஒரு கணம் எனக்கு ஆசை வந்தது. அதை மறைப்பதற்கில்லை.

"வேண்டாங்க" என்றாள் அக்காள். "இத்தனை நாள் நீங்க செஞ்சது அன்பு. இது பொய். ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணு இல்ல." திரையை விலக்கிக்கொண்டு போனவள் வாசலில் திரும்பினாள். "பயிற்சிக்கும் இனிமே நான் வரலடா."

புதன்கிழமைப் பயிற்சிக்கு அவள் வரவில்லை. ஆலயத்தின் பின்கூடத்தில் நாங்கள் அரைவட்டமாக நின்றோம். அக்காள் நிற்கும் இடது ஓரம் காலியாக இருந்தது. உடம்பு சரியில்லை என்று மட்டும் டீச்சரிடம் சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை.

டீச்சர் கை உயர்த்தினார். நாங்கள் ஆளுக்கு ஒரு நேரத்தில் உள்ளே வந்தோம். யாரோ முதலில், யாரோ கடைசியில். டீச்சர் நிறுத்தினார். மறுபடி கை உயர்த்தினார். இந்த முறை இரண்டாம் அடியில் பாதிப் பேர் மூன்றாம் அடியைப் பாடினார்கள். ஆர்கன்காரர் யாரோடு போவதென்று தெரியாமல் வாசிப்பதையே விட்டுவிட்டார்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றார் டீச்சர். "மூணு வருஷமாப் பாடற பாட்டு இது. போன வாரம்கூட நல்லாப் பாடினீங்க. இன்னிக்கு சந்தையில விலை கேக்கற மாதிரி இருக்கு."

எங்களுக்கும் புரியவில்லை. நான் எப்போதும் போலத்தான் நின்றேன், எப்போதும் போலத்தான் மூச்சு எடுத்தேன். ஆனால் எப்போது தொடங்குவது என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. நான்காவது முறையும் சிதறியது. ஒருவரை ஒருவர் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டோம்.

தையல்கார அம்மாதான் பேசினார். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்க கை ரொம்பக் கீழ இருக்கும். நோட்டைப் பாத்துக்கிட்டே போடுவீங்க. எங்களுக்குத் தெரியாது. நாங்க அந்த ஓரத்துல அவங்க வாயைத்தான் பாப்போம். அவங்க மூச்சு எடுத்தா நாங்களும் எடுப்போம். வார்த்தை மறந்தாலும் அங்க இருக்கும்."

"நானுமா?" என்றேன் என்னை அறியாமல்.

"நீங்களுந்தான். எனக்கு நேரா நின்னுக்கிட்டு அவங்களையேதானே பாக்கறீங்க."

கூடத்தில் ஒருவர்கூட அதை மறுக்கவில்லை. டீச்சர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு நோட்டை மூடினார். நடந்ததை அப்போது அவரிடம் சொன்னேன், சுரம் முனகிய கதை உட்பட. அவர் பதிவேட்டைத் திறந்து பழைய டிக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னிக்குப் போதும், போங்க" என்றார். பதினெட்டு வருஷத்தில் பயிற்சி அரை மணியில் முடிந்தது அன்றுதான்.

வியாழன் மாலை டீச்சர் என் கடைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"காது கிட்ட அழுத்துது. பாருங்க."

பார்த்தேன். அழுத்துவதற்கு அதில் எதுவும் இல்லை. சும்மா துடைத்துக் கொடுத்தேன்.

"பட்டியல் அனுப்பிட்டீங்களா செயலாளரே?"

"இல்ல டீச்சர். இருபத்தொண்ணுன்னு மாத்திக்கிட்டு இருக்கேன்."

"மாத்தாதீங்க. இருபத்திரண்டாவது பாடகர்னு என் பேரைப் போடுங்க."

"நீங்கதானே டீச்சர் நடத்தறவங்க?"

"அங்க உங்க அக்கா பேரைப் போடுங்க."

"அது பொய்யாகாதா?"

"நெசமா நடத்தினா எப்படிப் பொய்யாகும்? அஞ்சு ஊர்லயும் அவங்கதான் முன்னால நிப்பாங்க. நான் வரிசையில நிப்பேன்."

"நீங்க பாடுவீங்களா டீச்சர்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நான் இந்தக் குழுவுக்கு வந்ததே பாடத்தான். நடத்த ஆள் இல்ல, ரெண்டு வாரம் நில்லுங்கன்னாங்க. நின்னேன். போதும், எனக்கும் பாடணும்னு இருக்கு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தியாகம் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் வெட்கம்தான் தெரிந்தது. ஒருவருக்கு இடம் கொடுப்பவர்கள் பல நேரம் தங்களுக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மை, எவ்வளவு மரியாதை என்று நான் அளந்து பார்க்கவில்லை.

அக்காளின் வீடு எதிர்ச்சாரியில் மாடியில் இருக்கிறது. இருவரும் போனோம். அக்காள் மேஜையில் நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் சொன்னதைக் கேட்டு முடிக்கும்வரை பசையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என்மேல பரிதாபப்பட்டு இடம் குடுக்கறீங்களா?"

"உங்கமேல கோவமா இருக்கேன். என் குழுவை ரெண்டு வருஷமா எனக்குத் தெரியாம நடத்தியிருக்கீங்க."

அக்காள் தூரிகையைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணும் நடத்தல. நான் பாட்டுக்கு நின்னேன்."

"அப்படியே நில்லுங்க. கொஞ்சம் நடுவுல வந்து நில்லுங்க, அவ்வளவுதான்."

"எனக்குக் கை போடத் தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாதுன்னு நேத்துதானே தெரிஞ்சுது."

அக்காள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பும் சத்தமில்லாமல்தான் வந்தது. பிறகு என்னிடம் திரும்பினாள். "இவங்க சொல்றது சரியாடா?"

"எனக்குத் தெரியலக்கா. நீ இல்லாம எனக்கு எப்போ ஆரம்பிக்கறதுன்னு தெரியல. அது மட்டும் நெசம்."

அக்காள் பசை ஒட்டிய விரல்களைத் துணியில் துடைத்தாள். "நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு?" என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வேலையில் அனுமதி வாங்கிக்கொண்டு ஆலயத்தின் பின்கூடத்துக்கு ஒன்பது பேர்தான் வர முடிந்தது. டீச்சர் வரிசையில் தையல்கார அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். முதலில் அவருடைய நாற்பது வினாடியைப் பிடித்தேன். சுருதி கொஞ்சம் கீழேதான் இருந்தது. யாரும் சொல்லவில்லை.

அக்காள் நடுவில் வந்தாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் கொண்டுவந்தாள், பின்னால் கொண்டுபோனாள். பிறகு கைகளை மறந்தாள். உதடுகளைத் திறந்து மூச்சு எடுத்தாள். ஒன்பது பேரும் எடுத்தோம். ஒரே குரலாக உள்ளே வந்தோம். அவள் கை அதற்குப் பிறகுதான் மெல்ல உயர்ந்தது, ஏதோ பறந்துபோவதைப் பிடிக்கப் பார்ப்பது போல. ஒரு கையில் போனைப் பிடித்துப் படம் எடுத்தபடியே நானும் பாடினேன்.

படத்தோடு நிரப்ப வேண்டிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. குழுவை நடத்துவதில் எத்தனை வருஷ அனுபவம்?

"ரெண்டு" என்றார் டீச்சர்.

"இன்னிக்குக் காலையிலேருந்து" என்றாள் அக்காள்.

மணி பதினொன்றே முக்கால். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அந்தக் கேள்விக்குக் கீழே குறிப்பு எழுத இடம் இருந்ததால் நடந்ததை ஐந்து வரியில் அப்படியே எழுதினேன், பாடாத இரண்டு வருஷத்தையும் சேர்த்து. அதைப் படிக்கப்போகும் அலுவலர் யாரோ, அவருக்கும் ஒரு அக்காள் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

"போயிடுச்சா?" என்றார் ஆர்கன்காரர், எழுந்து.

"போயிடுச்சு. விசா வருமா வராதான்னு தெரியாது. எல்லாரும் வேலைக்குப் போகலாம்."

பைகளை எடுத்தோம். தையல்கார அம்மா கதவுவரை போய்விட்டார். அக்காள் மட்டும் நடுவில் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாம் அடியில ஆண்கள் அவசரப்படறாங்க" என்றாள் அந்தக் காகிதக் குரலில். "இன்னொரு தடவை பாடிட்டுப் போகலாம்."

டீச்சர்தான் முதலில் பையைக் கீழே வைத்துவிட்டு வரிசைக்குத் திரும்பினார்.