மூன்று அங்குலம்

அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அப்பா கூடத்தில் பனியனோடு கிடந்தார். மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும்.

"இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன்," என்றார் செய்தி ஆசிரியர். எதையும் குறைக்காமல் விடமாட்டார் என்பதால் அலுவலகமே அவரைக் கத்திரி என்றுதான் சொல்லும். "அஞ்சலிக் குறிப்பை நீயே எழுதிடும்மா. ரெண்டு மணிக்குள்ள வேணும், நூறு வார்த்தை. இங்க வேற யாருக்கு அவரைப் பத்தித் தெரியும்?"

அப்பா முப்பது வருடம் அந்தப் பத்திரிகையில் ஜாஸ் இசை விமர்சனம் எழுதினார். அதைப் படிக்க ஊரில் நாற்பது பேராவது இருப்பார்களா என்று அத்தை கேட்பாள். "நாப்பத்திரண்டு," என்பார் அப்பா. மகளான அவள் அதே பத்திரிகையில் துணை ஆசிரியர். அவர் கட்டுரையைப் பக்கத்தில் பொருத்துவது அவள் வேலை.

இடம் போதாவிட்டால் கட்டுரையைக் கீழேயிருந்து வெட்டுவார்கள். அதனால் முக்கியமானதை முதலில் சொல்லிவிட வேண்டும். இது அப்பாவுக்கு மட்டும் ஏறவே இல்லை. "ஜாஸ்ல எங்கெங்கயோ சுத்திட்டுக் கடைசிலதான் வீட்டுக்கு வருவாங்க. நானும் அப்படித்தான்."

வருடங்களைச் சரிபார்க்க அவருடைய கோப்பைத் திறந்தாள். கட்டுரைகளை நறுக்கித் தேதிவாரியாக ஒட்டியிருந்தார். ஒன்று மட்டும் முழுப் பக்கமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அது எந்தக் கட்டுரை என்று பிரிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பதினோரு வருடம் முன்பு, ஊர்வலத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்த நான்காம் நாள் அரசாங்க விழா. மேடையில் சாக்ஸபோன்காரர் ஒரு முழு நிமிடம் கருவியை வாயில் வைத்தபடி வாசிக்காமல் நின்றார். ஒலிபெருக்கிக் கோளாறு என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின, அவளுடையதும்தான். அவர் வாசிக்க மறுத்தார் என்று அப்பா ஒருவர்தான் எழுதினார், அதுவும் கடைசிப் பத்தியில். அவள் அதை வெட்டினாள்.

"இடம் இல்லப்பா. விளம்பரம் வந்துடுச்சு."

"சரிம்மா," என்றார்.

அதன்பிறகு அவர் கட்டுரைகள் கச்சிதமான அளவில் வந்தன. யார் நன்றாக வாசித்தார்கள், யாருக்குச் சுதி விலகியது, அவ்வளவுதான். ஒருவழியாகப் பத்திரிகைக்கு எழுதக் கற்றுக்கொண்டாரே என்று அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

பக்கத்தைப் பிரித்தாள். கட்டுரைக்குக் கீழே பத்திரிகையின் சொந்த விளம்பரம்: 'உண்மை, தினமும் உங்கள் வாசலில்.' வெற்றிடத்தை அடைக்கப் போடுவது. அதைச் சுற்றி அப்பா பென்சிலால் கட்டம் போட்டு, ஓரத்தில் 'மூன்று அங்குலம்' என்று எழுதியிருந்தார். வெட்டிய பத்தியை அதே அளவில் தட்டச்சு செய்து அதன் பக்கத்தில் குண்டூசியால் குத்தியிருந்தார். வேறு ஒரு சொல்லும் இல்லை.

இடம் இருந்தது. அவளுக்குத்தான் பயம். அது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இத்தனை வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறார்கள். அவளாவது வாயைத் திறந்திருக்கலாம்.

"என்னடி, சட்டையை அப்படியே போட்டுட்டு வந்துட்ட?" என்று அத்தை உள்ளே வந்தாள். "காலர் கசங்கியிருந்தா எந்தம்பி எழுந்து உக்காந்து அதுக்கும் விமர்சனம் எழுதுவான்." பிறகு அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அத்தை, அப்பாவுக்கு எம்மேல கோவமா?"

"உம்மேலயா?" என்றாள் அத்தை. "எம்பொண்ணு கை நடுங்குற மாதிரி இனிமே ஒண்ணும் எழுதமாட்டேன்னான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான்."

அத்தை இஸ்திரிப் பெட்டியை நோக்கிப் போனாள். அவள் தாளைக் கையில் வைத்தபடியே அழுதாள். பிறகு எழுத உட்கார்ந்தாள். அப்பாவின் பத்தியை அப்படியே முதலில் வைத்தாள். அதன் கீழே பிறந்த வருடம், வேலை, புத்தகங்கள். கடைசி வரியில், 'அவருக்கு ஒரு மகள் இருக்கிறார்.' அனுப்பினாள்.

கத்திரி உடனே அழைத்தார். "முதல் பத்தி... அது வேணுமாம்மா? மேல கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். நான் சொல்லிக்கறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி. ஆனா ஒரு வரி அதிகமா இருக்கு."

"வழக்கம்போலக் கீழேருந்து வெட்டிடுங்க."

கூடத்தில் அத்தை சட்டையோடு காத்திருந்தாள். இருவருமாக அப்பாவைத் தூக்கிச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அவள் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். துணியில் இன்னும் சூடு இருந்தது.