வால்வை மூடுவது யார்?

மதியச் சாப்பாட்டு டப்பாக்கள் குப்பைக்குப் போனதும் அலுவலகத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள். எல்லோரும் மேசைமேல் தலை சாய்த்துக் கண்ணயரும் வேளை. பெய்-யூவுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. தைவானில், தாய்ச்சுங் நகரத்து ஓரத்தில் இருந்த அந்தக் கம்பெனி கொழுக்கட்டையை உறைய வைத்து விற்றது. அதன் பங்குகள் பங்குச் சந்தையில் இருந்தன. ஆகவே தொழிலில் என்னென்ன ஆபத்து வரலாம், வந்தால் என்ன செய்வோம் என்று ஆண்டுதோறும் சந்தைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுவது பெய்-யூவின் வேலை. அன்று மாலைதான் கெடு.

"அக்கா, நீங்களும் தூங்கலையா?" பக்கத்து மேசை ஷாவ்-ரூ நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "என் தம்பி ஒரு சாஃப்ட்வேர் செஞ்சிருக்கான், பாருங்க."

எந்தக் கம்பெனியானாலும் சந்தையில் அதற்குரிய நான்கு இலக்க எண்ணைத் தட்டினால் போதும். சந்தை எல்லோருக்குமாகத் திறந்து வைத்திருக்கும் தகவல்களுக்குள் போய், அந்தக் கம்பெனியின் ஆபத்து மேலாண்மைக் கொள்கையை மட்டும் அது எடுத்து வந்துவிடும். தடித்த ஆண்டறிக்கையைப் புரட்ட வேண்டியதில்லை. இன்னொரு வசதிதான் அழகு: ஒரு வாக்கியத்தைத் தொட்டால், அதே வாக்கியம் வேறு எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறது என்றும் காட்டும்.

"இவங்க திருகாணி செய்யறவங்க. என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க."

'மீன் உருண்டைகள் உறையும் அறையின் வெப்பநிலையைப் பொறுப்பாளர் கண்காணிப்பார்.'

பெய்-யூ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "திருகாணியப் போட்டு சூப்பு வைக்கறாங்களோ?"

"எங்கிருந்து சுட்டாங்கன்னு பாப்போம்." ஷாவ்-ரூ அந்த வரியைத் தொட்டாள். சில கம்பெனிகளின் பெயர்கள் வந்தன. அவற்றில் அவர்களுடையதும் ஒன்று.

"நம்மளப் பாத்துத்தான் எழுதியிருக்காங்க," என்றாள் பெய்-யூ. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அக்கா, நாம மீன் உருண்டையே செய்யறதில்லையே."

பெய்-யூவின் சிரிப்பு நின்றது. இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு மீன் கம்பெனியின் கொள்கையை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். அதன் பிறகு ஆண்டுதோறும் வருடத்தை மாற்றினாள், அவ்வளவுதான். கீழே இருந்த வரியும் அப்படி வந்ததே: 'அமோனியா கசிந்தால் பொறுப்பாளர் உடனே வால்வை மூடுவார்.'

அவர்கள் கம்பெனியின் குளிர்கிடங்கை உறைய வைப்பது அமோனியா. குழாய்களில் சுற்றி வந்து, உள்ளே இருக்கும் சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோய் விடும். குழாய்க்குள் இருக்கும்வரை நல்ல வேலையாள். வெளியே வந்தால் கண்ணையும் நுரையீரலையும் எரித்துவிடும். அந்தக் கிடங்கில் இரவு ஷிப்ட் பார்ப்பவன் அவள் கணவன் சிங்-ஹே. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனைப் போனில் எழுப்பினாள்.

"ராத்திரியில அமோனியா கசிஞ்சா வால்வ யாரு மூடணும்?"

"இதக் கேக்கவா எழுப்பின? யாராவது மூடுவாங்க."

"யாராவதுன்னா யாரு?"

"பகல்ல ஃபோர்மேன். ராத்திரியில... கிட்ட நிக்கறவன்."

"மாஸ்க்?"

"அலமாரியில இருக்கு."

"பூட்டியிருக்கா?"

"காணாமப் போகுதுன்னு ஃபோர்மேன் பூட்டிடுவாரு. சாவிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாரு." அவன் குரலில் இப்போது தூக்கம் இல்லை.

விளக்குகள் எரிந்ததும் மேலாளர் ஜுவாங் வந்தார். "வருஷத்த மாத்திட்டு அனுப்பிடும்மா. அத யாரு உக்காந்து படிக்கப் போறா?"

"இப்ப யாரு வேணா படிக்கலாம் சார்." திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவரும் சிரித்தார். பிறகு தன் கம்பெனிப் பெயரைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்தார். "சரி, மீன எடுத்துட்டு அனுப்பு."

"மீன எடுத்துடலாம். பொறுப்பாளர என்ன செய்யறது? அப்படி ஒரு ஆளே நம்மகிட்ட இல்ல சார். ராத்திரி உள்ள இருக்கறவங்களுக்கு மாஸ்க்கும் இல்ல, சாவி ஃபோர்மேன் வீட்ல. என் வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரு. பொறுப்பாளர் யாருன்னு பேரு இல்லாம நான் அனுப்ப மாட்டேன்."

"லேட்டானா திட்டு வாங்கறது நான்தான்."

"அப்ப சீக்கிரம் கிளம்புங்க சார், கிடங்குக்கு."

முனகிக்கொண்டே அவரும் கிடங்குக்கு வந்தார். மாஸ்க்கின் விலையைச் சொல்லி ஃபோர்மேன் வாதாடிப் பார்த்தார். ஜுவாங் அலமாரிப் பூட்டைக் கையோடு வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, வால்வின் சக்கரத்தைத் தானே பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. மறுபடி திருப்பினார். முகம் சிவந்தது, சக்கரம் இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

எண்ணெய் விட்டு, இரண்டு பேர் சேர்ந்து அசைத்த பிறகே அது சுழன்றது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒருவர், அவர் விடுப்பு எடுத்தால் இன்னொருவர் என்று பெயர் குறித்தார்கள். பதறி ஓடி வந்திருந்த சிங்-ஹே தன் பெயரைப் பார்த்து, "இனிமே வீட்லயும் நீதான் எனக்கு மேனேஜரா?" என்றான். பெய்-யூ நிம்மதியாகச் சிரித்தாள்.

பொழுது சாயும் முன் கொள்கை போய்ச் சேர்ந்தது. பழையதைவிட மிகச் சிறியது. எல்லா வரியும் அவர்களுடையது. ஜுவாங் உள்ளங்கையில் இருந்த துருவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"'பொறுப்பாளர் மூடுவார்'னு வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சக்கரத்த இன்னிக்குத்தான் தொட்டேன். அடுத்தவன் எழுதினதக் காப்பி அடிச்சா காகிதம் நெறையும்மா, ஒரு உசுரும் பொழைக்காது. ஆபத்தப் பத்தி எழுதறவன், அது இருக்கற இடத்துக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் எழுதணும்."