வலது பக்கம் பாருங்கள்

படகின் இடது பக்கப் பலகையைக் காலால் அழுத்திப் பார்த்தார் வழிகாட்டி. இடுக்கிலிருந்து நீர் கசிந்து செருப்பை நனைத்தது. நேற்றைவிட அதிகம். துணியைத் திணித்து, கயிற்றுச் சுருளை இழுத்துப் போட்டு மறைத்தார்.

இருபது நாளாக இதே பாடுதான். ஆட்கள் வலது பக்கமாகச் சாய்ந்தால் விரிசல் தண்ணீருக்கு மேலே நிற்கும். அதற்காக, பயணிகளுக்கு மைக்கில் சொல்லும் கதையில், அந்த ஊர் மன்னரின் மொத்த வாழ்க்கையையும் ஏரியின் வலது கரைக்குக் குடிமாற்றிவிட்டார். பிறந்த அரண்மனை வலது பக்கம். போரில் தோற்று ஒளிந்த குகை வலது பக்கம். பழைய பம்பு அறைகூட ராணி குளித்த மண்டபமாகிவிட்டது. பயணிகளும் வாயைப் பிளந்துகொண்டு படமெடுத்தார்கள்.

"மச்சான், இன்னிக்குக் காத்து சரியில்ல," என்றார் படகு ஓட்டுபவர். வழிகாட்டியின் மனைவிக்கு அண்ணன். மலைகளுக்கு நடுவே மேகம் இறங்கி, ஏரி கறுத்துக் கிடந்தது.

முதலாளி துறைக்கு வந்தார். "இடது கரைல புது ஓட்டல் திறந்திருக்காங்க. இன்னையிலருந்து அங்க அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. எல்லாரும் அந்தப் பக்கம் நின்னு படம் எடுக்கணும். பேசி முடிச்சாச்சு."

வழிகாட்டி இடது பலகையைக் காட்டினார். "ஐயா, அந்தப் பக்கப் பலகை விட்டுருச்சு. போன வாரமே சொன்னேனே..."

"சீசன் முடியட்டும், மாத்திடலாம். முடியாதுன்னா மைக்கைக் குடுத்துட்டுப் போ. ஆளா கிடைக்காது?"

ஏழு மாதம் வேலையில்லாமல் கிடந்து கிடைத்த மைக். வீட்டில் மனைவி அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தாள். அவர் மைக்கைக் கொடுக்கவில்லை.

இருபத்து நாலு பேர் ஏறிய பிறகு புதுமணத் தம்பதி ஒன்று ஓடிவந்தது. மிதவைச் சட்டை போதவில்லை.

"உங்க ரெண்டு பேருதையும் கழட்டிக் குடுங்க," என்றார் முதலாளி. "தண்ணியிலயே கிடக்குறவங்கதான நீங்க?"

"எனக்கு நீச்சல் தெரியும்ங்க. மச்சானுக்குத் தெரியாது," என்றார் படகு ஓட்டுபவர்.

முதலாளி அதற்குள் திரும்பிவிட்டார். துறை அதிகாரி எட்டிப் பார்த்தார். பயணிகள் எல்லோரும் ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஓட்டலுக்கு எதிரே, கரையிலிருந்து வெகு தூரத்தில், படகு ஓட்டுபவர் எஞ்சினை நிறுத்தினார். வழிகாட்டி மைக்கை எடுத்தார். மன்னர் இன்று உதவிக்கு வரமாட்டார்.

"எல்லாரும் இடது பக்கம் பாருங்க," என்றார்.

இருபத்தாறு பேரும் ஒன்றாக எழுந்து போனார்கள். படகு அந்தப் பக்கம் இறங்கியது. கயிற்றுச் சுருளுக்கு அடியிலிருந்து தண்ணீர் கோடாக ஓடி வந்தது. படகு ஓட்டுபவர் சுக்கானை விட்டுவிட்டு வந்து வலது விளிம்பில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் வழிகாட்டியையும் இழுத்து உட்கார வைத்து, அவர் இடுப்பு வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எடைக்கு எடை நிற்க, இருவரும் முதுகைத் தண்ணீருக்கு மேல் எவ்வளவு சாய்க்க முடியுமோ அவ்வளவு சாய்த்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க!" என்று யாரோ படமெடுத்தார்கள்.

"மொத்தம் இருநூறு அறைங்க," என்றார் வழிகாட்டி மைக்கில். "எந்த அறையில இருந்து பார்த்தாலும் ஏரி தெரியும்."