தப்பான பாஸ்வேர்டு

சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். குழம்புக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் என் லாப்டாப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. கத்தி விரலில் இறங்கியதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

"ஏட்டி அகல்யா, பாஸ்வேர்ட மாத்திட்டியோ?" என்றார் ஜெயசீலன், என் வீட்டுக்காரர்.

"ஸ்கூல்ல எல்லா டீச்சரையும் மாத்தச் சொன்னாவ."

"என்ன போட்டிருக்க?"

"மறந்துட்டுங்க."

எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் குரல் கீச்சென்று ஏறிவிடும். மயூர் விஹாரில் எங்கள் மூன்றாம் மாடியிலிருந்து கீழே தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

திருநெல்வேலியை விட்டுத் தில்லி வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இவர் குடும்பத்தில் இன்றைக்கும் பாஸ்வேர்டு என்றால் குலசாமி பெயர்தான். சுடலை, பின்னால் பிறந்த வருஷம். அண்ணன், மதினி, மாமனார் எல்லோருக்கும் அதேதான். சாமியே காவல் நிற்கும்போது எந்தத் திருடன் வரப்போகிறான் என்ற தைரியம். எனக்கும் அந்தப் பாஸ்வேர்டுதான் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எனக்கு மட்டும் தெரிந்த பதினோரு எழுத்துகளை வைத்தேன். உள்ளே ஒரு கோப்பு இருக்கிறது. இவர் என்னை அடித்த நாட்களைத் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். தோள், முதுகு, கழுத்துப் படங்களும் இருக்கின்றன. திங்கட்கிழமை கரோல் பாக்கில் வக்கீல் மஹாலட்சுமி அதைப் பார்க்க வேண்டும். அதற்குள் இவர் பார்த்துவிட்டால் என் சோலி முடிந்தது.

கீபோர்டைத் தட்டும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. சுடலையையும் என் பிறந்த வருஷத்தையும் போட்டுப் பார்த்திருப்பார். பிறகு கல்யாணத் தேதி, பிறகு மகள் பெயர். ஒவ்வொரு தடவையும் 'ப்ச்' என்றார். வேறு எதுவும் அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

"தாரிணி, இங்க வா."

என் மகளுக்குப் பதினொரு வயது. அறையிலிருந்து வந்து நின்றாள்.

"அம்மா பக்கத்துல உக்காந்துதான ஹோம்வொர்க் பண்ணுத? அவ என்ன டைப் அடிக்கான்னு பாத்திருப்பல்லா. போடு பாப்போம்."

"பாத்திருக்கேன்ப்பா," என்றாள்.

ஓடிப்போய் அடுக்களை வாசலில் நின்றேன். அவள் யோசிக்கவே இல்லை. விரல்கள் கடகடவென்று ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனதுக்குள் எண்ணினேன். பதினோரு எழுத்துகளும் சரி. ஐயோ, தொலைந்தேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அவள் சுண்டுவிரல் இன்னொரு எழுத்தையும் தட்டியது.

தப்பு என்றது திரை.

"அரே! இருங்கப்பா." மறுபடியும் அதே பதினொன்று, அதே சுண்டுவிரல். மூன்றாவது தடவை லாப்டாப் தன்னைப் பூட்டிக்கொண்டது.

"அம்மா மாத்திட்டாங்க போலப்பா. பதா நஹீ, எனக்குத் தெரியல."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், அதற்குப் பின்னால் வருவதும் தெரியும்.

"அப்படி என்னத்தட்டி ஒளிச்சு வச்சிருக்க? குளிச்சிட்டு வாரேன். நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் பஜார்ல எங்க ஆபீஸ் வடிவேலுக்குத் தெரிஞ்ச கடைக்காரன் இருக்கான். அஞ்சு நிமிஷத்துல தொறந்திருவான்."

துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். தண்ணீர் விழத் தொடங்கியது.

நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். எங்கே ஒளிப்பது? உடைத்துவிடலாமா? உடைத்தால் திங்கட்கிழமை எதைக் காட்டுவேன்?

தாரிணி அடுக்களைக்குள் வந்தாள்.

"ஹோலிக்கு முந்தின நாள் அதுல இல்லம்மா," என்றாள் மெதுவாக. "நீ எழுதல."

"எதுலடீ?"

"அந்த ஃபைல்ல. ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சேன். முடிக்க ரொம்ப நாளாச்சு."

இவளுக்குப் படிக்க வராது என்றுதான் நான் தமிழில் எழுதினேன். பிறந்ததே தில்லியில், கடைப் பெயர்ப்பலகையில் தமிழைப் பார்த்தாலும் என்னைத்தான் படிக்கச் சொல்வாள். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அதற்கு நேரமில்லை. ஹோலிக்கு முந்தின நாள் அவள் தூங்கிவிட்டாள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

"ஜல்தி, அம்மா. சீக்கிரம்."

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். தோளில் பள்ளிக்கூடப் பை, அதன் ஜிப்புக்கு வெளியே லாப்டாப்பின் மூலை. அவளுக்குப் பின்னால், திறந்து கிடந்த அறையில், கட்டில்மேல், பாடப்புத்தகங்கள் எல்லாம் வெளியே கிடந்தன. தரையில் சத்தம் எழாதபடி என் செருப்பு இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். உள்ளே தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.