கீழே விழாத பந்து

2003ஆம் ஆண்டுக் கோடையில் எல்லிங்ஸ்ருட் மைதானத்தில் கீர்த்தனனின் கையிலிருந்து நழுவிய பந்து ஆறு வருடங்களாகக் கீழே விழவில்லை. பின்கோட்டுக்கு வெளியே, எம்பினாலும் எட்டாத உயரத்தில் நின்றது. மாரியில் அதன்மேல் பனி தொப்பி கட்டும். வசந்தத்தில் உருகிச் சொட்டும்.

புலம்பெயர்ந்த தமிழரின் விளையாட்டு விழாவில் இளைஞர்கள் அடம்பிடித்துச் சேர்த்த அமெரிக்கக் கால்பந்தாட்டம் அது. கையில் பந்தோடு ஓடுபவன் அதைத் தவறவிட்டு, அது பக்கக்கோட்டைத் தாண்டினால் பந்து அவன் அணிக்கே. எதிரணியின் கடைசி எல்லைக்குள் போய்ப் பின்கோட்டைத் தாண்டினால் மட்டும் எதிரணிக்கு. எல்லைக்கு ஒரு முழம் இருக்கையில் கீர்த்தனனின் முழங்கையைத் தட்டியவன் எதிரணியில் ஆடிய பிலேந்திரன். ஒரே மாடிப்படியால் ஏறும் அயல்வீட்டுக்காரன். பள்ளிக்கூட ரயிலில் ஒரே வோக்மனின் வயரைக் காதுக்கொன்றாய் மாட்டிக்கொண்டு வந்தவன். விதி விதிதான் என்றான் அவன். அநியாயம் என்றான் கீர்த்தனன். அன்றிலிருந்து வேறு வேறு பெட்டிகளில் ஏறினார்கள்.

குறொன்லாண்டின் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய் பொறுக்கியெடுத்தபடி பெரியவர்கள் இதை வேலி வழக்காகவே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வளவில் விழுந்த தேங்காய் யாருக்கு என்று இரண்டு கட்சியானார்கள். நடுவர் யோகலிங்கம் மசியவில்லை. “தேங்காய் இன்னும் விழேல்லையே. விழுந்தாப் பிறகெல்லோ வழக்கு,” என்றார். முடியாத ஆட்டத்தின் வெற்றிக்கிண்ணத்தில் அவர் வீட்டு அகப்பைகள் நின்றன.

2009 இலையுதிர்காலத்தில் பிலேந்திரனுக்கு வடக்கே துறொம்சோவில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் மைதானத்துக்கு வந்தான். பந்தின் கீழே கீர்த்தனன் நின்றான்.

“அந்த விதி அநியாயம்தான் மச்சான். பந்து உன்ரை,” என்றான் பிலேந்திரன்.

இதைக் கேட்கத்தான் கீர்த்தனன் இத்தனை காலமும் ரயிலில் ஒற்றைக் காதால் பாட்டுக் கேட்டு வந்தான். கேட்டதும் வேண்டாம் போலிருந்தது.

“விசர்க்கதை கதையாதை. எல்லை உங்கடை. கவனமாப் பிடிச்சிருக்க வேண்டியது நான். பந்து உன்ரை.”

“போற நேரத்திலை எனக்குப் பிச்சை போடுறியோ?”

“நீ முதல்லை போட்டனீ.”

அப்போது பந்து ஒரு சாண் இறங்கியது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். விழுந்துவிட்டால் பிறகு கதைக்க என்ன இருக்கிறது? அவசரமாக மறுபடியும் தர்க்கிக்கத் தொடங்கினார்கள். பந்து நின்றுவிட்டது.

ஒவ்வொரு கோடையிலும் பிலேந்திரன் அந்தத் தர்க்கத்துக்காகத் துறொம்சோவிலிருந்து வந்துபோகிறான். விளையாட வரும் புதுப் பிள்ளைகளுக்கு, மேலே நிற்கும் பந்து வேறு ஆட்டத்தினுடையது, அதைக் கணக்கிலெடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.